ஈரத்தைக் கழித்த எடை

போகியன்று விடியற்காலையில் சென்னைத் தெருக்களை மூடிக்கொண்டு நிற்கும் வெள்ளைத் திரையில் பனி எத்தனை பங்கு, புகை எத்தனை பங்கு என்ற கேள்வி எனக்குள் வெகுநாளாகக் கிடக்கிறது. எளிய கேள்வி, யாராவது அளந்து சொல்லியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பழைய பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த சாக்கு, வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும் டயர், உடைந்த பிளாஸ்டிக் குடம் எல்லாம் எரிகின்றன. பிள்ளைகள் கொட்டு அடிக்கிறார்கள். ரப்பரின் காரம் மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்குகிறது. சந்தேகமில்லை, புகைதான். ஆனால் ஜனவரி மாதத்து அந்த நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 85, 90 விழுக்காட்டைத் தொட்டிருப்பது வழக்கம். வாசலில் நிறுத்திய வண்டியின் இருக்கையில் கோடு இழுத்தால் விரல் நனைகிறது. நனைந்த விரலை வெள்ளைத் துண்டில் துடைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தடம். இதைப் பனி என்றும் சொல்லலாம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் விமானங்கள் காத்துக்கிடந்த போகிகள் உண்டு. அப்போதெல்லாம் எரித்தவர்களைக் குறை சொல்கிறவர்கள் ஒரு பக்கம், மார்கழிக் கடைசியில் பனி கொட்டாமல் என்ன செய்யும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரு பக்கத்தாருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: பனியும் புகையும் தனித்தனிப் பொருள்கள், தற்செயலாக ஒரே தெருவில் கலந்து நிற்கின்றன, வேண்டுமானால் பிரித்துக் கணக்குப் பார்த்துவிடலாம். என் சங்கடம் இந்த நம்பிக்கையைப் பற்றியது.

1875இல் பிரான்சில் பால் ழான் கூலியே என்ற ராணுவ மருந்தாளர், அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட கண்ணாடிக் குடுவையோடு ஒரு ரப்பர் பந்தை இணைத்து, பந்தை அமுக்கிப் பிறகு விட்டார். உள்ளிருந்த காற்று விரிந்து குளிர்ந்தது, குடுவைக்குள் மூடுபனி தோன்றியது. அதே காற்றை வெகுநேரம் அசையாமல் வைத்திருந்துவிட்டோ பஞ்சின் வழியாக வடித்துவிட்டோ திரும்பச் செய்தபோது பனி வரவில்லை. அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் ஸ்காட்லாந்தில் ஃபால்கிர்க் ஊரைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் ஏறக்குறைய இதையே வேறு விதமாகச் செய்து காட்டினார். பொறியியல் படித்தவர், உடல்நலம் சரியில்லாததால் வீட்டிலேயே கருவிகள் செய்துகொண்டு இருந்தவர். இரண்டு பெரிய கண்ணாடிக் கலங்கள். ஒன்றில் அறைக்காற்று, மற்றதில் பஞ்சால் வடித்த காற்று. இரண்டுக்குள்ளும் நீராவியைச் செலுத்தினார். முதல் கலம் பாலாக வெளுத்தது, இரண்டாவது தெளிவாகவே நின்றது. இத்தனைக்கும் இரண்டிலும் இருந்தது ஒரே அளவு ஆவி. 1880 டிசம்பரில் எடின்பரோ ராயல் கழகத்தில் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னதன் சாரம், ஆவி படிந்து துளியாவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும், காற்றில் அந்தப் பிடிமானம் தூசு என்பது. மெல்லிய இரும்புக் கம்பித்துண்டைச் சூடாக்கினால்கூடப் பனி உண்டாக்கும் அளவுக்குத் துகள்கள் கிளம்புவதையும், கந்தகத்தை எரித்தால் அடர்ந்த மூடுபனி வருவதையும் அவர் பார்த்திருந்தார். தூசே இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்றும் யோசித்திருக்கிறார். அங்கே மேகம் இராது, மூடுபனி இராது, இப்போது நாம் அறிந்த மழையும் அநேகமாக இராது. ஆவி நேரடியாகப் புல்லிலும் கிளையிலும் சுவரிலும் நம் உடையிலும் படிந்து சொட்டும். குடையால் ஒரு பயனும் இருக்காது.

குடை பயன்படாத அந்த உலகத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். தூய்மையான வானம் என்று நாம் கற்பனை செய்வது இதைத்தானே? அதற்குள் வீட்டுச் சுவரெல்லாம் வியர்த்து நிற்கிறது. தண்ணீர் தனக்குத்தானே துளியாகிவிட முடியாது என்பது கணக்காகவும் நிறுவப்பட்டிருக்கிறது. துளி சிறுத்துக்கொண்டே போகப் போக அதன் மேற்பரப்பு வளைந்துகொண்டே போகிறது. வளைவு கூடக் கூட மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள அண்டையில் ஆள் குறைகிறது, அவை எளிதாகத் தப்பித்துவிடுகின்றன. சில மூலக்கூறுகள் மட்டும் சேர்ந்த தூய நீர்த்துளி பிறந்த கணமே கலைந்துபோகும். பென் நெவிஸ் மலையுச்சியின் ஆய்வகத்தில் 1894 செப்டம்பரில் சில வாரம் இருந்துவிட்டு, அங்கே பார்த்த மேகங்களைக் கேம்பிரிட்ஜில் குடுவைக்குள் உண்டாக்க முனைந்த சி. டி. ஆர். வில்சன், தூசு நீக்கிய காற்றில் ஆவியின் அளவு பூரிதநிலையைப் போல நாலு மடங்கானால்தான் துளிகள் தோன்றத் தொடங்குகின்றன என்று கண்டார். அப்போதும் அவை வெறுமையில் தோன்றவில்லை, மின்னேற்றம் பெற்ற அயனிகளைப் பற்றிக்கொண்டே தோன்றின. அந்த வழியில் போய்த்தான் அவர் முகிலறையைக் கண்டுபிடித்து 1927இல் நோபல் பரிசு பெற்றார். நம் தலைக்கு மேலிருக்கும் மேகத்தில் நடப்பது வேறு. அங்கே ஈரப்பதம் 100ஐத் தாண்டுவதே பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக. நாலு மடங்கு எங்கே, இந்த ஒரு விழுக்காடு எங்கே. இடையிலுள்ள தூரம் முழுவதையும் கடந்து தருவது நடுவில் இருக்கும் துகள்தான். ஆகவே வானத்தில் தூய நீர்த்துளி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றின் நடுவிலும் நீரல்லாத ஏதோ ஒன்று கரைந்து கிடக்கிறது.

ஏதோ ஒன்று என்று சொல்லிக் கடந்துபோக முடிந்தால் நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. எய்ட்கன் தூசு என்று பொதுவாகச் சொன்னதற்குள் எல்லாத் துகளும் ஒன்றல்ல. சிலவற்றுக்குத் தண்ணீர் மேல் தீராத இழுப்பு, சிலவற்றுக்கு எதுவும் இல்லை. புதிதாகக் கிளம்பிய கரி பக்கத்தில் எவ்வளவு ஆவி இருந்தாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கடலுப்போ காத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி மழையில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தூய சோடியம் குளோரைடு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காடு ஆகும்வரை கல்லாகவே இருக்கும், அதைத் தாண்டியதும் சட்டென்று தானே இழுத்த நீரில் கரைந்து துளியாகிவிடும். உப்பளத்துக் கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும், அதனால்தான் கல்லுப்பு வெயில் நாளிலும் பிசுபிசுக்கிறது. அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு 80. ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது கரைவதில் இல்லை, காய்வதில் இருக்கிறது. 75இல் கரைந்த உப்புத்துளியை வைத்துக்கொண்டு ஈரப்பதத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் 75இல் அது திரும்பக் கல்லாவதில்லை. 70, 60, 50 என்று இறங்கியும் துளியாகவே நின்று, 45ஐ ஒட்டித்தான் படிகமாகிறது. ஆகவே 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு நண்பகல் காற்றில் ஓர் உப்புத்துகள் திடமாகவும் இருக்கலாம், திரவமாகவும் இருக்கலாம். இப்போதைய காற்றை அளந்து அதைச் சொல்லிவிட முடியாது. காலையில் அது எங்கே இருந்தது, பனிக்குள் நுழைந்து வந்ததா வறண்ட பக்கமிருந்து வந்ததா என்று தெரிய வேண்டும். உயிரில்லாத ஓர் உப்புத்துணுக்கு எது என்று சொல்ல அதன் பழைய கதையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இது ஒற்றை உப்பின் கதை. காற்றில் ஒற்றை உப்பாக ஒரு துகள் நெடுநேரம் இருப்பதில்லை. வங்கக் கடலில் அலை உடையும்போது காற்றுக்குமிழிகள் மேலெழுந்து வெடிக்கின்றன. குமிழியின் மெல்லிய தோல் கிழிந்து நுண்ணிய துளிகளாகத் தெறிக்கிறது, அந்தத் தோலோடு கடல் நுண்ணுயிர்களின் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தே தெறிக்கின்றன. இப்படி உப்பும் கொழுப்புமாகக் கரைக்கு வரும் துகள், வாகனப் புகையிலிருந்து பிறந்த நைட்ரிக் அமிலத்தைச் சந்திக்கிறது. அமிலம் உள்ளே நுழைய, குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறுகிறது. சோடியம் குளோரைடாக வந்தது சோடியம் நைட்ரேட்டாகிவிடுகிறது. அதற்கு மேல் அனல்மின் நிலையத்துக் கந்தகம் சல்ஃபேட்டாகப் படியலாம், அடுப்புப் புகையின் கரிமப் பிசின் ஒரு போர்வையாக மூடலாம். தண்ணீரைத் திரும்பிப் பார்க்காத கரியும் சில மணி நேரம் அலைந்து சல்ஃபேட்டைப் பூசிக்கொண்டால் நீரேற்கத் தொடங்கிவிடுகிறது. காடுகளிலும் இதே கதைதான். பைன் மரத்து வாசனை காற்றில் ஆக்சிஜனேறித் துகள்களாகத் திரள்கிறது, தொலைவு மலைகளின் மேல் தெரியும் நீல மங்கலுக்குக் காரணம் அதுவே என்று ஃபிரிட்ஸ் வென்ட் 1960இல் எழுதினார். அமேசானில் அந்தப் பிசின் திரளக் கருவாக இருப்பவை பூஞ்சைகளும் செடிகளும் வெளிவிடும் பொட்டாசிய உப்புத் துணுக்குகள் என்று 2012இல் கண்டார்கள். இயற்கைத் துகள், மனிதர் உண்டாக்கிய துகள் என்று இரண்டு பட்டியல் போடுவது பாடநூலுக்கு வசதி. ஒரு துகளை வெட்டிப் பார்த்தால் கடல் நடுவில் இருக்கிறது, தொழிற்சாலை ஓரத்தில் இருக்கிறது, அடுப்பு மேலே இருக்கிறது. மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்குள் இத்தனையும்.

இவ்வளவு கலந்துகிடப்பதில் எது தண்ணீரை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஒழுங்கு கண்டவர் ஹில்டிங் கோலர் என்ற ஸ்வீடன்காரர். வடக்கு நார்வேயில் ஹால்டே மலையுச்சி ஆய்வகத்தில், மேகம் மோதி உறைந்த வெண்பனியைச் சுரண்டி எடுத்து உருக்கி, அதில் குளோரைடு எவ்வளவு என்று சளைக்காமல் அளந்துகொண்டிருந்தார். மேகத்தை உருக்கி அதற்குள்ளிருந்த உப்பைத் தேடிய இந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவருடைய கோட்பாடு முழுமையாக அச்சில் வந்தது 1936இல். அதில் இரண்டு விசைகள் எதிரெதிரே நிற்கின்றன. வளைவு நீரை வெளியே தள்ளுகிறது, கரைந்த உப்பு உள்ளே பிடித்துவைக்கிறது. துளி மிகச் சிறிதாக இருக்கையில் உப்பின் கை ஓங்கியிருக்கிறது, அதனால் ஈரப்பதம் 100ஐத் தொடுமுன்பே துகள் நீரேற்று வீங்கி நிற்கிறது. 80 விழுக்காட்டில் ஓர் உப்புத்துகளின் விட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதாவது கன அளவு எட்டு மடங்கு. மேலும் வளர வேண்டுமானால் ஓர் உச்சத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாதவை வீங்கிய துகள்களாகவே நின்று தொலைவை மங்கலாக்குகின்றன. தாண்டியவை தடையில்லாமல் வளர்ந்து பத்து, இருபது மைக்ரான் துளிகளாகின்றன, அதுதான் மேகமும் மூடுபனியும். உச்சம் எவ்வளவு உயரம் என்பதைத் துகளின் அளவும் அது எதனால் ஆனது என்பதும் முடிவு செய்கின்றன. இப்போது பீட்டர்ஸும் கிரைடன்வைஸும் 2007இல் முன்வைத்த முறைப்படி இந்த நீர்விருப்பத்தை ஒரே எண்ணால் குறிக்கிறார்கள்: சோடியம் குளோரைடுக்கு 1.28, அம்மோனியம் சல்ஃபேட்டுக்கு 0.61, கரிமப் பொருள்களுக்குச் சுமாராக 0.1, புதுக் கரிக்குச் சுழி. எதனால் ஆனது என்ற கேள்விக்கு எல்லா வேதியியலையும் சுருக்கி ஓர் எண் கிடைத்ததில் வசதி உண்டு. ஆனால் எண் கிடைத்தவுடன் கதை மறைந்துவிடுகிறதோ என்றும் ஓர் ஐயம்.

கதை மறையாமல் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டெல்லியின் குளிர்கால மூட்டம் பெய்ஜிங்கின் மூட்டத்தைவிட வினோதமானது என்று பலரும் கவனித்திருந்தார்கள். துகளின் எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்குக் கண்மறைவு ஏற்பட வேண்டியதில்லை. சென்னை ஐஐடியின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரை, விடையைக் குளோரைடில் கண்டது. டெல்லியின் விடியல் காற்றில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வழக்கத்துக்கு மிஞ்சிய அளவில் இருக்கிறது. கடல் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், ஆகவே இது கடலுப்பிலிருந்து வந்ததல்ல. பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிப்பதும் சில தொழில்களும்தான் மூலம் என்று அந்த ஆய்வு கருதுகிறது. கங்கைச் சமவெளியின் காற்றிலோ உரம் இட்ட வயல்களிலிருந்தும் மாட்டுத்தொழுவங்களிலிருந்தும் எழும் அம்மோனியா தாராளமாக இருக்கிறது. குளிரும் ஈரமும் கூடிய இரவில் அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்து துகளுக்குள் அம்மோனியம் குளோரைடாகப் போய் உட்காருகின்றன. அம்மோனியம் குளோரைடு நீரை இழுக்கிறது, இழுத்த நீர் மேலும் அமிலத்துக்கு இடம் கொடுக்கிறது, அமிலம் மேலும் அம்மோனியாவைக் கூட்டி வருகிறது. பார்வைத் தொலைவு குறைவதில் ஏறக்குறையப் பாதிக்கு இந்தச் சுழற்சிதான் காரணம் என்பது அவர்கள் கணக்கு. வெயில் ஏறியதும் உப்பு பிரிந்து திரும்பவும் ஆவிகளாகிவிடும். பதினோரு மணிக்குத் தேடினால் குற்றவாளி அங்கே இருக்கமாட்டார்.

அம்மோனியம் குளோரைடு நமக்கு அயலான பொருள் அல்ல, நவச்சாரம்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர், தெருவோரத்தில் துருத்தி வைத்து ஊதி, பாத்திரத்தைச் சூடேற்றி, பஞ்சில் நவச்சாரத்தைத் தொட்டு உள்ளே ஒரு சுற்றுச் சுற்றித் தேய்ப்பார். தேய்த்த கணம் குப்பென்று ஒரு வெள்ளைப் புகை எழும். கண்ணை உறுத்தும், மூக்கின் உச்சியில் ஊசியாகக் குத்தும், பிள்ளைகள் ஆசையாகக் கிட்டே போய் உடனே ஓடிவருவார்கள். சூட்டில் அம்மோனியாவாகவும் அமிலமாகவும் பிரிந்த நவச்சாரம் வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி ஒன்றுசேர்ந்த திடத்துகள்களே அந்த வெண்மை. டெல்லியின் விடியலில் நடப்பதும் இந்தச் சேர்க்கைதான், அடுப்பும் பஞ்சும் இல்லாமல், ஒரு மாநகரத்தின் அகலத்துக்கு. அந்தப் புகையில் எடையென்று பார்த்தால் ஒரு சிட்டிகை இருக்குமா? பாத்திரத்தை மறைக்க அது போதுமானதாக இருந்தது.

எடை என்ற இடத்தில்தான் என் சங்கடம் முற்றுகிறது. காற்றின் அழுக்கை நாம் எடையால் அறிகிறோம். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் ஒரு கன மீட்டரில் இத்தனை மைக்ரோகிராம். இந்தியாவில் ஒரு நாளைய சராசரி 60ஐத் தாண்டக்கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுத் தரவரையறை, 15ஐத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பரிந்துரை. இந்த எடையை எப்படிப் போடுகிறார்கள்? வடிதாளில் துகள்களைப் பிடித்து, வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில் தாளைப் பக்குவப்படுத்திய பிறகே தராசில் வைக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி அந்த அறையின் ஈரப்பதம் 30க்கும் 40க்கும் இடையில், ஐரோப்பிய விதிப்படி 45க்கும் 50க்கும் இடையில். மணிக்கு மணி எண் காட்டும் தானியங்கிக் கருவிகளில் பல, காற்று உள்ளே வரும் குழாயையே சூடாக்கி ஈரத்தை விரட்டிவிடுகின்றன. ஆக, நாம் படிக்கும் எண் உலர்த்திய துகளின் எண். இதில் மோசடி எதுவும் இல்லை. உலர்த்தாவிட்டால் கடலோர நகரத்தையும் பாலைவன நகரத்தையும் ஒப்பிட வழியில்லை, சட்டம் எழுத வழியில்லை. இருந்தாலும் பாருங்கள், தெருவை மறைத்தது ஈரமேற்று வீங்கிய துகள், அறிக்கையில் வருவது வற்றிய துகள். அமெரிக்க அறையில் காய்ந்துவிடும் ஓர் உப்புத்துளி ஐரோப்பிய அறையில் நீரோடு நின்றுவிடவும் கூடும், ஏனென்றால் அது கல்லாகும் எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் குளோரைடு போன்றவை சூட்டில் நிலையாக நிற்பவை அல்ல. குழாயைச் சூடாக்கும்போது நீரோடு சேர்ந்து அவற்றிலும் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது. விருந்தாளியை வெளியே அனுப்பும்போது அழைத்தவரும் கூடவே நழுவிவிடுகிறார்.

அப்படியானால் உண்மையான அளவு எது? ஈரத்தோடு சேர்த்ததா, கழித்ததா? எந்த ஈரத்தோடு? காலை ஐந்து மணியின் 92 விழுக்காட்டோடா, பிற்பகலின் 55ஓடா? துகள் ஒன்றுக்கு இன்ன அளவு என்று சொல்லிவிடக்கூடிய சொந்த உடம்பே இல்லையோ என்று தோன்றுகிறது. அது நிற்கும் காற்றைப் பொறுத்து அதன் உடம்பு. இந்த எண்ணம் ஏதோ தத்துவ விளையாட்டாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். ஆனால் துகள் கடைசியாக நுழையும் காற்று நம் மூச்சுக்குழல். நுரையீரலின் உட்கிளைகளில் ஈரப்பதம் 99 விழுக்காட்டுக்கும் மேல். எந்த நகரத்துப் பனியைவிடவும் ஈரமான இடம் நமக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வற்றிக் கிடந்த உப்புத்துகள் உள்ளே போனதும் ஒன்றிரண்டு நொடிகளுக்குள் வீங்கத் தொடங்குகிறது. எந்தத் துகள் எந்தக் கிளையில் படியும் என்பதை அளவு முடிவு செய்கிறது, அளவை அதன் உட்பொருள் முடிவு செய்கிறது. இதிலும் ஒரே திசையில் போகும் தீர்ப்பு கிடைப்பதில்லை. மிகச் சிறிய துகள் ஒன்று வீங்கி, எங்கும் படியாமல் மூச்சோடு திரும்பிவிடக்கூடிய நடுத்தர அளவை அடைந்தால் உடம்புக்கு நல்லது. அந்த நடுத்தர அளவிலேயே நுழைந்தது வீங்கினால் படிந்துவிடும். வற்றிய எடையை வைத்து இதில் எதையும் ஊகிக்க முடியாது.

லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நின்ற மூடுபனி அப்போதைய கணக்கிலேயே சுமார் 4,000 பேரைக் கொன்றது. அன்று நிலக்கரிப் புகையின் கந்தக டைஆக்சைடு எப்படி அவ்வளவு வேகமாகக் கந்தக அமிலமாயிற்று என்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புதிராக இருந்தது. 2016இல் வந்த ஓர் ஆய்வு, அது நடந்த இடம் பனித்துளியின் உட்புறம் என்கிறது. நைட்ரஜன் டைஆக்சைடு துளிக்குள் வைத்துக் கந்தகத்தை ஆக்சிஜனேற்றியது. துளிகள் பெரியவையாக இருந்தவரை அமிலம் நீர்த்துக் கிடந்தது. பனி விலகத் தொடங்கித் துளிகள் சுருங்கியபோது அமிலம் செறிந்து சிறுதுகள்களாக மிஞ்சியது. சீன நகரங்களிலும் இதே வினை நடக்கிறது, அங்கே அம்மோனியா மிகுந்திருப்பதால் அமிலம் உப்பாகிவிடுகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. பனிக்குள் புகை வந்து கலந்தது என்று சொன்னால் இந்த நிகழ்ச்சியின் பாதிதான் சொன்னதாகும். அமிலம் பனித்துளிக்குள்தான் உருவானது, அந்தத் துளி இல்லாமல் அது அங்கே அந்த வேகத்தில் உருவாகியிராது. பனி எத்தனை பங்கு, புகை எத்தனை பங்கு என்ற என் கேள்வி இங்கே முறிந்துபோகிறது.

அழுக்கு மோசம், போகட்டும் என்று எளிதாகச் சொல்லவும் வழியில்லை. கடலில் போகும் கப்பல்களின் புகைபோக்கியிலிருந்து கந்தகத் துகள்கள் தாழ்மேகங்களுக்குள் புகும்போது, அதே நீர் அதிகமான சிறு துளிகளாகப் பங்கிடப்படுகிறது. சிறு துளிகள் வெயிலை அதிகமாகத் திருப்பி அனுப்புகின்றன, மேகம் வெளுக்கிறது. 1974இல் ஷான் டூமி இதை விளக்கினார். கப்பல் போன பாதையில் வெண்கோடாக மேகம் நீள்வது அதற்கு முன்பே செயற்கைக்கோள் படங்களில் தெரிந்திருந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5இலிருந்து 0.5 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டதும் அந்தக் கோடுகள் குறைந்துபோயின. துறைமுக நகரங்களின் மூச்சுக்கு அது நல்லது, கடலுக்குக் கூடுதல் வெயில். நம் புகையெல்லாம் சேர்ந்து பூமியின் சூட்டில் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாக மறைத்து வைத்திருக்கிறது என்பது ஐபிசிசி எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் ஆறாவது அறிக்கையின் நடு மதிப்பு. மறைப்பு சுழியாகவும் இருக்கலாம், 0.8ஆகவும் இருக்கலாம் என்று அதே அறிக்கை ஐயத்தின் அகலத்தையும் சொல்கிறது. ஐயம் இவ்வளவு அகன்றிருக்கக் காரணங்களில் ஒன்று, எந்தத் துகள் எதனால் ஆனது, எவ்வளவு நீரேற்கும் என்பது இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறுவதுதான். இதை வைத்துக்கொண்டு அழுக்கைப் போற்றிப் பாடுகிறவர்களை நான் நம்புவதில்லை. மூச்சுத்திணறும் ஒரு குழந்தையிடம் பூமி குளிர்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு இருக்கிறது, அதை மறைக்கவும் முடியாது.

கடைசியில் என் யோசனை மறுபடி குப்பை எரிப்பவரிடம்தான் வந்து நிற்கிறது. பழைய ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர் ஒருவர். ஒயரின் உறை பெரும்பாலும் பிவிசி, தூய பிவிசியின் எடையில் சுமார் 57 விழுக்காடு குளோரின். 100 கிராம் தூய பிவிசி எரிந்து, அதன் குளோரின் முழுதும் அமிலமாகி அம்மோனியாவைச் சந்திக்குமானால் 86 கிராம் நவச்சாரம் வரும். ஈரமான விடியலில் அது தன் எடையைப்போலச் சில மடங்கு நீரைச் சேர்த்துக்கொள்ளும். அவர் எரித்தது ஒரு பிடி, எழுந்து நிற்கும் மூட்டத்தில் பெரும்பங்கு தண்ணீர். எடைபோட்டால் அவர் பங்கு அற்பம், உலர்த்தி எடைபோட்டாலும் அற்பம், கருவியைச் சூடாக்கியதில் பாதி காணாமலும் போயிருக்கலாம். அவருக்குக் கிடைத்ததும் சில கிராம் செம்புதான், குற்றம் சாட்டிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அவரும் சரி, மூலையில் குப்பைக்குத் தீ வைக்கும் நகரமும் சரி, கணக்குக்குள் வரப்போவதில்லை. எது என்று கேட்டால்தான் வருவார்கள். ஆண்டுதோறும் போகிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளந்து அறிக்கை தருகிறது, எடைதான் தலைப்பாகிறது. தேசியக் காற்றுத்தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கில் கொள்கிறது: இரண்டு அளவுத் துகள்கள், நைட்ரஜன் டைஆக்சைடு, கந்தக டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அமிலத்தின் கையைப் பிடிக்கும் அம்மோனியா அதில் இருக்கிறது, அமிலம் இல்லை. பட்டியலில் பெயரே இல்லாத ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?